கைப்பேசிக்கு ஒரு முட்டை

அந்தக் கடற்கரைப் பள்ளிக்கு நான் போனது சுவரில் ஒரு பெரிய திரையை மாட்டுவதற்காக. பரமக்குடியில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் அப்போது வேலை. தீவிலும் கரையிலும் இருக்கிற பள்ளிகளுக்குத் திரை, கம்ப்யூட்டர், கேமரா எல்லாம் அவர் மூலமாகப் போகும். துளை போட்டு மாட்டுவது நான். அதற்கு முன்னால் திருப்பூரில் பனியன் மடித்தேன், குஜராத்தில் போர்வெல் லாரியில் இருந்தேன், மண்டபத்தில் ஐஸ் கட்டி உடைத்தேன். எங்கேயும் யாரும் என்னைத் துரத்தவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் வேறு ஊருக்குப் போகலாம் என்று தோன்றும், போய்விடுவேன்.

படிப்பு எட்டாவது. அதிலும் பாதி நாள் முதுகுளத்தூருக்குத் தெற்கே எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்று வாத்தியார் எனக்கும் சேர்த்து வருகை போட்டுவிடுவார். ஆட்டோடு இருந்த நாட்களிலும் நான் பள்ளியில் இருந்ததாகத்தான் கணக்கு. இது எல்லாருக்கும் தெரியும், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடற்கரையில் ஒரு திரையை மாட்டிவிட்டு வந்துவிட முடியாது. உப்புக்காற்று விடாது. பிளக் சொருகுகிற இடத்தில் பச்சை பூக்கும், திருகாணி துருப்பிடித்துச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், நேற்றுப் பேசிய ஸ்பீக்கர் இன்றைக்கு இருமும். அதனால் ஒப்பந்தக்காரர் பாம்பனில் ஒரு அறை எடுத்து என்னை அங்கேயே போட்டுவிட்டார். ஒவ்வொரு பள்ளியாகப் போய்ப் பச்சையைச் சுரண்டுவது என் வேலை ஆயிற்று. அப்படித்தான் அந்தப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எனக்குப் பழக்கமானார்கள். அதில் ஒருத்தி பள்ளிக்கு வராமல் பழக்கமானவள்.

அவளுக்கு எலும்பு சீக்கிரம் உடைகிற நோய். பிறந்ததிலிருந்து அப்படித்தான். தும்மினால்கூட உடையும் என்று ஊரில் சொன்னார்கள். அவளிடம் கேட்டபோது, தும்மி உடைந்தது ஒரே ஒரு தடவைதான் என்றாள்.

அவள் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே ஒரு மணல்மேடு. நடந்தால் பக்கம்தான். அரசு கொடுத்த சக்கர நாற்காலி அவள் வீட்டில் இருந்தது. மணலில் சக்கரம் ஒரு சாண் இறங்கி நின்றுவிடும். நான்கு பேர் தூக்கினால் நாற்காலி வரும், ஆனால் நான்கு பேர் தூக்குவதென்றால் நாற்காலி எதற்கு? அதன்மேல் இரண்டு தண்ணீர்க் குடத்தையும் ஒரு வலை மூட்டையையும் வைத்திருந்தார்கள். ஆறாம் வகுப்பு வரை அப்பாதான் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வருவார். விசைப்படகு ஓட்டுகிறவர். கடலுக்குப் போகிற நாளில் சித்தப்பா தூக்குவார். ஆறாம் வகுப்பில் ஒரு நாள் அப்பாவின் கால் மணலில் புரண்டு இருவரும் விழுந்தார்கள். அவருக்கு ஒன்றுமில்லை. அவளுக்குத் தொடை எலும்பு. அதற்கப்புறம் அவள் அம்மா யாரையும் தூக்க விடவில்லை.

வாரத்துக்கு ஒரு நாள் ஸ்கூட்டரில் வந்து, வீட்டில் கிடக்கிற பிள்ளைகளைப் பார்க்கிற சிறப்பாசிரியை ஒருவர் உண்டு. அவர்தான் ஒரு யோசனை சொன்னார். வகுப்பில் ஒரு கைப்பேசி, வீட்டில் பலகை மாதிரிப் பெரிய திரையுள்ள ஒரு டேப். காலையிலிருந்து சாயங்காலம் வரை இரண்டும் வீடியோ அழைப்பில் இருக்கட்டும். கைப்பேசியை நிறுத்த ஒரு தாங்கி வேண்டுமென்று என்னிடம் கேட்டார். அரை இஞ்ச் பைப்பை அறுத்து, சிமெண்டு நிரப்பிய பெயிண்ட் டப்பாவில் நட்டு, மேலே பைக்கில் போன் மாட்டுகிற கிளிப்பைத் திருகிக் கொடுத்தேன். பார்க்க ஒல்லியான ஆள் ஒருவன் நிற்பது போல இருந்தது.

தலைமையாசிரியை அதை ஆசிரியர் மேசையில் வைக்கச் சொன்னார். வைத்தேன். உடனே கைப்பேசிக்குள் இருந்து குரல் வந்தது.

“டீச்சர், இங்கன வச்சா எனக்குப் பிள்ளைக மூஞ்சிதான் தெரியுது. போர்டு எனக்குப் பின்னாடில்ல இருக்கு? பாடம் நடத்துறது நானா நீங்களா?”

வகுப்பு சிரித்தது. தலைமையாசிரியை சிரிக்கவில்லை, ஆனால் எங்கே வேண்டும் என்று கேட்டார். மூன்றாம் பெஞ்சு, சுவரோரம், வகுப்புத் தலைவிக்குப் பக்கத்தில் என்றாள். வகுப்புத் தலைவி உயரமான பெண். அவள் அப்பாவும் இவள் அப்பாவும் ஒரே படகில் போகிறவர்கள். அன்றிலிருந்து கைப்பேசிக்குச் சார்ஜ் போடுவது, போர்டுப் பக்கம் திருப்புவது, பிரார்த்தனைக்குத் தூக்கிக்கொண்டு போவது எல்லாம் தலைவியின் பொறுப்பு. யாரும் அவளிடம் சொல்லவில்லை.

முதல் வாரம் பையன்கள் எல்லாரும் வந்து கைப்பேசிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

“தள்ளிப் போலே, உன் மூக்கு ஓட்டைதான் தெரியுது.”

வகுப்பாசிரியர் கணக்கு சார். காலையில் பெயர் வாசிப்பார். அவள் பெயர் வரும்போது கைப்பேசி “உள்ளேன் ஐயா” என்று சொல்லும். முதல் நாள் தலையைத் தூக்கிப் பார்த்தார், இரண்டாம் நாளும் பார்த்தார். அப்புறம் பார்ப்பதில்லை. அவள் வீட்டுச் சத்தமும் வகுப்புக்குள் வரும். மீன் காய்கிற இடத்தில் அவள் அம்மா காக்கா விரட்டுவது, ஐஸ் வண்டிக்காரன் ஹார்ன், சேவல்.

“உங்க வீட்டுச் சேவலை வெளிய பத்து.”

“அது எங்க வீட்டுச் சேவல் இல்ல சார். பக்கத்து வீட்டுது. நான் சொன்னாக் கேக்காது.”

இப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கும். தொல்லை வருகைப் பதிவில் வந்தது. இப்போது வருகையை ஆசிரியர்கள் கைப்பேசியில் ஒரு செயலியில்தான் போட வேண்டும். அதில் இருப்பது இரண்டே பொத்தான், வந்தார், வரவில்லை. கணக்கு சார் பெயர் வாசித்து முடித்ததும் தலைமையாசிரியை செயலியைத் திறந்து, எல்லாருக்கும் பச்சை, அவளுக்குச் சிவப்பு போடுவார். அவர் மோசமானவர் இல்லை. அந்தக் கைப்பேசியின் சார்ஜர் கெட்டபோது தன் சார்ஜரைக் கழற்றிக் கொடுத்தவர். ஆனால் மேலிடத்திலிருந்து யாராவது வந்து பிள்ளை எங்கே என்று கேட்டால் என்ன காட்டுவது என்பது அவர் கவலை.

“பைப்பையா காட்டுவேன் தம்பி?” என்று என்னிடமே கேட்டார்.

தொடர்ந்து சிவப்பு விழுந்தால் கல்வி அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும். தெரிந்தது. அந்தப் பிள்ளையை வீட்டுவழிக் கல்விக்கு மாற்றிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மாற்றினால் பெயர் ஏழாம் வகுப்பிலிருந்து போய்விடும். சிறப்பாசிரியை வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வருவார், மற்ற நாளெல்லாம் அவளும் காக்காயும்தான். வகுப்பில் இருக்கிற கைப்பேசியைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.

அவள் அப்பாவுக்கு இது அவ்வளவு கெட்ட ஏற்பாடாகப் படவில்லை. நான் டேப்பின் சார்ஜ் ஓட்டையைச் சுரண்டப் போயிருந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

“வீட்லயே படிக்கட்டும்ங்கிறாக. படிப்புத்தானம்மா, எங்கன இருந்து படிச்சா என்ன?”

“நீங்க ஒத்தை ஆளாக் கடலுக்குப் போவீகளாப்பா?”

“அது எப்புடிப் போறது?”

“மீன்தானப்பா, எத்தனை பேரு போனா என்ன?”

அவர் என்னைப் பார்த்தார். நான் சார்ஜ் ஓட்டையைப் பார்த்தேன்.

முட்டை விவகாரம் அதற்கு அடுத்த வாரம் ஆரம்பித்தது. மதியம் சத்துணவு வரிசையில் தலைவி இரண்டு தட்டோடு நின்றாள். ஒரு தட்டில் கைப்பேசி. சத்துணவு சமைக்கிற அக்கா அவளுக்கு முட்டை போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

“அக்கா, அவளுக்கு?”

“எவளுக்கு?”

தலைவி தட்டைத் தூக்கிக் காட்டினாள்.

“போனுக்கு முட்டையா? கழுத்தை நெரிச்சுப்புடுவேன், போடி அங்கிட்டு.”

“அக்கா, நான் இங்கனதான் இருக்கேன்” என்றது கைப்பேசி.

“இருந்தா வாயைத் தொற, ஊட்டிவிடுறேன்.”

“எங்கப்பா போற போட்ல இஞ்சினுக்குப் பங்கு இருக்கு, வலைக்குப் பங்கு இருக்கு” என்றாள் தலைவி. “வலையாக்கா வந்து திங்குது?”

“அதை உங்க அப்பன் போட்ல போய்க் கேளு. இங்க பச்சை விழுந்த தலைக்குத்தான் முட்டை. எனக்குக் குடுத்த எண்ணிக்கை அது.”

அந்தக் கரையில் மீனைப் பங்கு பிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். படகுக்கு, இஞ்சினுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு விழும். அடிபட்டு வீட்டில் கிடக்கிறவனுக்கும் ஒரு பங்கு உண்டு. அவன் எந்தப் படகு ஆள் என்றுதான் பார்ப்பார்கள், அன்றைக்குக் கடலுக்கு வந்தானா என்று பார்க்க மாட்டார்கள். ஒருவனுக்குப் பங்கு தகராறு என்றால் அது தீர்கிறவரை மற்றவர்களும் தங்கள் பங்கைத் தொடக் கூடாது. மீனைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஐஸ் உருகிப்போகும், வியாபாரி திட்டிவிட்டுப் போவான், அசைய மாட்டார்கள். எங்கள் ஊரில் ஆட்டுக்கறிக் கூறு இப்படிப் போட்டிருந்தால் கைகலப்பாகி இருக்கும்.

மறுநாள் ஏழாம் வகுப்பு மொத்தமும் சோற்றைத் தின்றது, முட்டையைத் தின்னவில்லை. பசி வேறு, பங்கு வேறு. வேப்பமரத்தடியில் ஒரு சாக்கை விரித்து முட்டைகளைக் குவித்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். சாக்கின் ஒரு மூலையில் கைப்பேசி நின்றது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பையன் பொறுக்க முடியாமல் ஒன்றை எடுத்தான், முதுகில் நாலைந்து கை ஒன்றாக விழுந்தது.

கைப்பேசிக்குள் இருந்து, “எனக்காக யாரும் பட்டினி கெடக்க வேணாம்” என்று குரல் வந்தது.

“நீ சும்மா இருடி. பங்கு கேக்குறவ பேசக் கூடாது” என்றாள் தலைவி. கரையிலும் அப்படித்தான். தகராறு யாருக்காகவோ அவன் பேச மாட்டான், மற்றவர்கள்தான் பேசுவார்கள்.

சமையல் அக்கா வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். “ஏ புள்ளைகளா, அவிச்ச முட்டையடி. திரும்பக் கோழிக்குள்ளயா கொண்டு போய் வைக்கச் சொல்றீக?”

தலைமையாசிரியை வந்தார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டுவிட்டு நேராக என்னைப் பார்த்தார். நான் ஏணிமேல் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஆடுதான் தெரியும் டீச்சர், மீனைப் பற்றித் தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் சொல்லிக் கொடுத்தது நான் இல்லை என்பது உண்மை.

மூன்றாவது நாளும் சாக்கு விரிந்தது. அன்றைக்கு வெயில். முட்டை நாற ஆரம்பித்துவிட்டது. தலைமையாசிரியை பிள்ளைகளுக்கு முன்னாலேயே கல்வி அலுவலக அதிகாரிக்குப் போன் போட்டார். பிள்ளை தினமும் பெயர் சொல்கிறாள், பாடம் கேட்கிறாள், கேள்வி கேட்டால் பதில் சொல்கிறாள், அதிகமாகவே சொல்கிறாள், பச்சை போடலாமா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை நானே வந்து பார்க்கிறேன், பார்த்துவிட்டு ஒன்று பச்சை போடச் சொல்வேன், இல்லை அன்றைக்கே வீட்டுக் கல்விக்கு மாற்றிவிடுவேன் என்றார் அதிகாரி.

கைப்பேசி அன்று முழுவதும் ஒன்றும் பேசவில்லை. கணக்கு சார் கேள்வி கேட்டபோதுகூட “தெரியல சார்” என்றது. அவருக்கே சந்தேகம் வந்து, சத்தம் குறைந்துவிட்டதா பார் என்று என்னைக் கூப்பிட்டார். சத்தம் சரியாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் அவள் வீட்டுக்குப் போய் டேப்பைச் சோதித்தேன். சிக்னல் இரண்டு கோடு, மூன்று கோடு என்று ஆடிக்கொண்டிருந்தது. அது போதும். தினமும் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அப்பா வாசலில் ஒரு நீளமான மூங்கிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

“நீங்க பள்ளிக்கூடத்துப் பக்கம் பாத்துக்கங்க தம்பி. சிக்னலை நான் பாத்துக்கிறேன்.”

எதற்கு மூங்கில் என்று நான் கேட்டிருக்கலாம். அந்த ஊரில் எப்போதும் யாராவது மூங்கில் சீவிக்கொண்டுதான் இருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை படகுகள் போகாத நாள். அதிகாரி பத்து மணிக்கு வந்தார். சட்டையை உள்ளே விட்டு, பளபளப்பான ஷூ போட்டிருந்தார். பேச்சு மெதுவாக இருந்தது. கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் பெரிய திரையில் ஏதோ வேலை இருப்பது போல நின்றேன். கணக்கு சார் பெயர் வாசித்தார். அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் நாடகத்தில் சொல்வது போல “உள்ளேன் ஐயா” என்றார்கள். அவள் பெயர் வந்தது.

கைப்பேசியில் அவள் முகம் இருந்தது. வாய் பாதி திறந்திருந்தது. அப்படியே நின்றது. கணக்கு சார் மறுபடி வாசித்தார். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது, அப்புறம் திரை கறுத்துவிட்டது.

“ஏடி, பேசுடி” என்று தலைவி பைப்பைப் பிடித்து உலுக்கினாள்.

அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இதைத்தான் வந்ததா போடச் சொல்றீங்களா?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. தலைமையாசிரியை தரையைப் பார்த்தார். நான் வெளியே வந்து மணல்மேட்டில் ஏறி ஓடினேன்.

வீட்டுக்குப் பின்னால், கடலைப் பார்த்த பக்கம், அந்த மூங்கில் நட்டு நின்றது. படகில் வயர்லெஸ் கம்பியைப் பாய்மர உச்சியில் கட்டுவார்கள், உயரம் போகப் போகச் சத்தம் நன்றாகக் கேட்கும். அதே போல அவர் தன் சொந்தக் கைப்பேசியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மழைக்கு ஆகுமென்று ஒரு கவரும் சுற்றி, மூங்கில் உச்சியில் கட்டி ஏற்றியிருந்தார். டேப்பின் சிம்மும் அதற்குள்தான், டேப்புக்கு அதிலிருந்து இணையம். நிமிர்த்தி நட்டது ஒன்பதரை மணிக்குத்தான். அவர் அதற்குக் கீழே இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

“என்ன தம்பி, புல் சிக்னல்ல? ஏத்துனதும் டேப்ல பாத்தேன், கோடு நெறஞ்சு நின்னுச்சு.”

உள்ளே கட்டிலில் அவள் டேப்பை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

“சிக்னல் இருக்குண்ணே. நாடுதான் வேற.”

கடலில் கொஞ்ச தூரம் போனால் எல்லார் கைப்பேசியும் அக்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று செய்தி காட்டும். கடலில் எந்தக் கோபுரம் கிடைத்தாலும் பேச வேண்டுமே என்று அவர் தன் கைப்பேசியில் ரோமிங்கைத் திறந்தே வைத்திருப்பவர். உச்சியில் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடிய கைப்பேசி, பெயர் வாசிக்கிற நேரத்தில் நம் கோபுரத்தை விட்டுவிட்டு அக்கரைக் கோபுரத்தைப் பிடித்திருந்தது. அந்தச் செய்தி வந்த மணிச் சத்தத்தை வைத்துத்தான் அவள் கண்டுபிடித்தாளாம். நம் கோபுரத்தை ஏன் விட்டது என்று எனக்குத் தெரியாது. எட்டாவதில் அது வரவில்லை. அங்கே பேச்சுக்கு வழி இருந்தது, இணையத்துக்கு வழியில்லை.

மூங்கிலைச் சாய்க்கலாம் என்றால் அவர் அதை ஆழமாக நட்டிருந்தார். கடலோடிகள் நட்டால் அசையாது. இருவருமாக ஆட்டிக்கொண்டிருக்கும்போது மணல்மேட்டின் மேல் அதிகாரி தெரிந்தார். ஷூவைக் கையில் வைத்திருந்தார். பின்னால் தலைமையாசிரியை. அதற்கும் பின்னால் வகுப்புத் தலைவி. அதிகாரி கிளம்பப் போனபோது, பிள்ளை அங்கனதான் இருக்கா சார், வந்து பாருங்க என்று தலைவி சொன்னாளாம். தலைமையாசிரியை அவளை அதட்டுவதற்குள் அவர் நடக்க ஆரம்பித்துவிட்டாராம்.

அதிகாரி வாசலில் நின்று கால் மணலைத் தட்டினார். உள்ளே வந்தார்.

“நீ ஏம்மா பதில் சொல்லலை?”

“சொன்னேன் சார். இங்கன சொன்னேன். அங்கன போகலை.”

அப்பா உள்ளே வந்துவிட்டார். கையெல்லாம் மணல். “தப்பு என்னுது சார். நான்தான் கம்பத்தை ஏத்துனேன். நல்லாக் கேக்கும்னு ஏத்துனேன். பிள்ளைக்கு ஆப்சென்ட் போடாதீக. எனக்குப் போடுங்க.”

“உங்க பேரு ஏழாங்கிளாஸ்ல இல்லப்பா” என்றாள் அவள்.

அதிகாரி சிரித்துவிட்டார். உடனே நிறுத்திக்கொண்டார். “இங்க பாரும்மா. உன்னைக் குறை சொல்ல வரலை. வீட்டுலேயே ஆசிரியை வந்து நடத்துவாங்க. உனக்கும் சிரமம் இல்லை. இப்படி லைன் போய்ப் போய் வந்தா நீ எப்படிப் படிப்பே?”

“சார், ஒண்ணு கேக்கவா?”

“கேளு.”

“வலையில நெத்திலி பட்டா எங்க கிளாஸ்ல பாதிப் பையன்க வர மாட்டானுக. கரையில கெடப்பானுக. அவனுகளையும் வீட்டுப் படிப்புக்கு மாத்துவீகளா?”

“அவங்க திரும்பி வந்துடுவாங்கம்மா.”

“நான் தினமும் வாரேனே சார். இன்னைக்கு ஒருநாதான் வரலை. அதுவும் எங்கப்பா அக்கரைக்கு இழுத்துட்டுப் போயிட்டாரு.”

அதிகாரி சுற்றிப் பார்த்தார். சக்கர நாற்காலியில் குடங்கள் இருப்பதைப் பார்த்தார். அவள் அம்மா வெட்கப்பட்டுக் குடங்களை இறக்கினாள். அவர் நாற்காலியை வாசலுக்குத் தள்ளி, மணலில் இறக்கி, ஒரு தள்ளு தள்ளினார். நின்றுவிட்டது. இன்னொரு தரம் பலமாகத் தள்ளினார். சக்கரம் இறங்கிக்கொண்டது. அப்புறம் அதை வெளியே எடுக்க நானும் அவள் அப்பாவும் கை கொடுக்க வேண்டியதாயிற்று.

கையைத் தட்டிக்கொண்டு தலைமையாசிரியையிடம் சொன்னார். “பேர் வாசிக்கும்போது லைன்ல இருந்து பதில் சொன்னா பச்சை போடுங்க. லைன் இல்லைன்னா சிவப்பு. மாத்தல் வேண்டாம். பேர் வகுப்புலயே இருக்கட்டும். இதுக்கு மேல என்கிட்ட எதுவும் கேட்காதீங்க.”

“முட்டை சார்?” என்றார் தலைமையாசிரியை.

“எந்த முட்டை?”

திரும்பிப் போகும்போது மணல்மேடு முழுக்கத் தலைமையாசிரியை அதைத்தான் விளக்கிக்கொண்டு போனார். அவர்கள் மேட்டைத் தாண்டுவதற்கு முன்னால் கட்டிலில் இருந்து அவள் கத்தினாள்.

“சார், இன்னைக்கு?”

“இன்னைக்குச் சிவப்புதாம்மா” என்று அவரும் திரும்பிக் கத்தினார்.

அவர்கள் மறைந்த பிறகு அன்று முழுவதும் அவள் தன் அப்பாவிடம் பேசவில்லை. அவர் மூங்கிலைப் பிடுங்கித் துண்டு துண்டாக வெட்டி அடுப்புக்குக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை அவள் பெயர் சொன்னாள். தலைமையாசிரியை பொத்தானை அழுத்தினார். “காட்டுங்க டீச்சர்” என்றது கைப்பேசி. அவர் தன் கைப்பேசித் திரையை அந்தக் கைப்பேசிக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். பச்சையாக இருந்தது. மதியம் சமையல் அக்கா ஒரு முட்டையைப் பூவரச இலையில் சுற்றித் தலைவியிடம் கொடுத்து, சாயங்காலத்துக்குள் கொண்டு போய்ச் சேர்க்காவிட்டால் தோலை உரித்துவிடுவேன் என்றார். அன்று ஏழாம் வகுப்பு முட்டை தின்றது. பாதிப் பேருக்குத் தொண்டையில் அடைத்துக்கொண்டது, அவ்வளவு வேகம்.

காற்று மாறிய நாட்களில் லைன் விழும், சிவப்பு விழும். முட்டையும் வராது. அவள் காற்றைத் திட்டுவாள். மற்றபடி எல்லாம் ஓடியது.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். நான் அந்தப் பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து ஒரு பிளக்கைப் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தேன். உள்ளே கணக்கு சார் பின்னம் நடத்திக்கொண்டிருந்தார். வீட்டுக்கணக்கைக் காட்டச் சொன்னார். அதுவரை அவர் அவளிடம் வீட்டுக்கணக்குக் கேட்டதில்லை. எல்லா நோட்டையும் பார்த்துக்கொண்டே வந்து, மூன்றாம் பெஞ்சில் கைப்பேசியைத் தாண்டி நான்காம் பெஞ்சுக்குப் போனார்.

“அவகிட்டக் கேளுங்க சார்” என்று பின்னாலிருந்து ஒருத்தன் சொன்னான். “பச்சை மட்டும் வாங்குறால்ல?”

கணக்கு சார் திரும்பி வந்தார். “காட்டு.”

“டேப்ல சார்ஜ் இல்லாமப் போச்சு சார்.”

“நோட்டுக்கு எதுக்குச் சார்ஜு?”

கைப்பேசியில் லைன் இருந்தது. சேவல் கூவியது கேட்டது.

“போடலை சார்.”

“வெளிய போ.”

தலைவி எழுந்து சாரைப் பார்த்தாள். அவர் நிஜமாகத்தான் சொல்கிறாரா என்று பார்த்தாள். அவர் வாசலைக் காட்டினார். அவள் சார்ஜரைப் பிடுங்கி, பெயிண்ட் டப்பாவோடு சேர்த்துப் பைப்பைத் தூக்கி, வராந்தாவில் கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அங்கே ஏற்கெனவே ஒரு பையன் கணக்குப் போடாததற்காகக் கைகட்டி நின்றுகொண்டிருந்தான்.

“நீயுமாடி?” என்றான்.

“ஆமாலே. என்னைக் கொஞ்சம் நெழல்ல தள்ளி வை. போன் சூடாகும்.”

அவன் தள்ளி வைத்தான்.

“இங்கன இருந்து போர்டு தெரியலையே.”

“வெளிய நின்னா தெரியாது.”

நான் பிளக்கைச் சுரண்டினேன். கைப்பேசிக்குள் எங்கேயோ தள்ளி அவள் அம்மாவின் குரல் கேட்டது.

“என்னடி சத்தமில்ல? பள்ளிக்கூடம் விட்டாச்சா?”

“இல்லம்மா. வெளிய நிக்கிறேன்.”

“ஏன், என்ன செஞ்ச?”

“கணக்குப் போடலை.”

அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து திட்ட ஆரம்பித்தாள். நேற்று முழுக்கக் கார்ட்டூன் பார்த்தது, சொன்ன பேச்சைக் கேட்காதது, எல்லாம் வராந்தாவில் கேட்டது. சத்தத்தை எப்படிக் குறைப்பது என்று அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. அவன் கைப்பேசியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு மறுபடி கைகட்டிக்கொண்டான்.